நழுவினால் கையை எடு

மடியில் கண்டனத் தீர்மானத்தையும் முகத்தில் கருணையையும் ஒருசேரத் தாங்கி இந்தக் கூட்டத்துக்குத் தலைமையும் தாங்குகிற, நகர கிரிக்கெட் ரசிகர் மன்றத் தலைவரும் நாற்காலி மேசைக் கடையின் உரிமையாளருமான ஐயா அவர்களே, ஐயா வாய் திறக்குமுன்பே தலையாட்டிவிடும் ஆற்றல் படைத்த செயலாளர் அவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே, இடுப்பில் பிள்ளையும் இதயத்தில் எரிச்சலுமாக வந்திருக்கும் என் தாய்மார்களே, விசிலடிக்கத் தோதாகப் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பிமார்களே, உங்கள் அத்தனை பேருக்கும் என் கோபம் கலந்த வணக்கம்.

ஆமாம், கோபம்தான். ஏன் சிரிக்கிறீர்கள்? நல்ல வார்த்தை பேசுவதற்கு நாளைக்கு நிறையப் பேர் வருவார்கள். இன்றைக்கு நான் திட்டுவதற்கு வந்திருக்கிறேன். செயலாளர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். நன்றாகப் பாருங்கள் ஐயா. நான் முடிக்கும்போது முடியும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணாடிப் பட்டறைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவி. கண்ணாடி வெட்டும் மேசையருகே நின்று நின்றே என் தலை நரைத்தது. எவனை நாட்டு அணியிலிருந்து துரத்த வேண்டும் என்று தீர்மானம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்களோ, அந்த நெட்டையன் எனக்கு எதிர் மேசைக்காரன். அவனுக்குத் தாய் வைத்த பெயர் வேறு. மைதானத்தில் அவன் உயரத்தைப் பார்த்து நெட்டையன் என்று பெயர் வைத்தது நீங்கள். வைத்த வாய்தான் இப்போது வைகிறது.

நடந்தது என்ன? ஆறு நாடுகள் கூடி ஆடுகிற இருபது ஓவர் திருவிழா நம் ஊருக்கு வந்தது. வந்த நாடுகளின் வீரர்கள் யார்? விடிந்தால் பந்து, பொழுது சாய்ந்தால் பந்து, அதைத் தவிர வேறு பிழைப்பே இல்லாதவர்கள். நம் வீரர்கள் யார்? பந்து வீசுகிறவன் பஸ் ஓட்டுகிறான். விக்கெட் காக்கிறவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேப்டன் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறான். எல்லைக் கோட்டில் நிற்கிறவன் கடைகளுக்குக் கண்ணாடி மாட்டுகிறான். மேலதிகாரியிடம் கெஞ்சி லீவு வாங்கி நாட்டுக்காக ஆடுகிற பிள்ளைகள் இவர்கள். அவர்கள் போன வாரம், கோப்பையைப் பலமுறை தூக்கிய ஒரு பெரிய அணியைக் கடைசிப் பந்துவரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். கடைசிப் பந்தில் அவர்களுக்கு வேண்டியது நான்கு ரன். நமக்கு வேண்டியது ஒரு நல்ல பந்து.

பஸ் டிரைவர் வீசினான். மட்டைக்காரன் தூக்கி அடித்தான். பந்து மேலே போய், வெயிலில் பளபளத்து, நேராக நெட்டையன் கைக்கு வந்தது. நாம் எல்லோரும் எழுந்து நின்றோம். பந்து உள்ளங்கையில் பட்டது, நழுவியது, நெஞ்சுக்கு முன்னால் எழும்பிக் கீழே இறங்கியது. இன்னொரு முறை கையை நீட்டினால் கிடைத்திருக்கும். பிடிக்க முடியாவிட்டாலும் காலால் தடுத்திருந்தால் ஜெயித்திருப்போம். அவன் என்ன செய்தான்? இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பாம்பைக் கண்டவன் போலப் பின்னால் குதித்தான். பந்து அவன் காலடியில் விழுந்து, அவனைத் தாண்டி உருண்டு, எல்லைக் கயிற்றைத் தொட்டது. தோற்றோம்.

வயிறு எரிந்தது உங்களுக்கு மட்டும்தானா? எனக்கும் எரிந்தது. அதுவரை யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்? டிவியில் அந்த ஒரு காட்சியையே திரும்பத் திரும்பப் போட்டார்கள், திரும்பத் திரும்பப் பார்த்தீர்கள். "காசு வாங்கிட்டான்" என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். சாயங்காலத்துக்குள் யார் கொடுத்தார்கள், எந்த ஓட்டலில் கொடுத்தார்கள் என்பது வரைக்கும் ஊருக்கே தெரிந்துவிட்டது. கூடவே உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தவர்கள் மாதிரி அல்லவா பேசினீர்கள்? அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில், "உங்கப்பா எவ்வளவுக்கு வித்தாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் குழந்தை அதற்குப் பிறகு பள்ளிக்கூடமே போகவில்லை. நேற்று அவன் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. எறிந்த கை இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. யார் என்று நான் கேட்கவில்லை. எறிந்தவருக்குத் தெரியும்.

இன்று காலை நான் அவன் வீட்டுக்குப் போனேன். உங்களில் யாராவது போனீர்களா? யாரும் போகவில்லை. உடைந்த ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி வெட்டி எடுத்துவந்து, அவனே மாட்டிக்கொண்டிருந்தான். மனைவி துடைப்பத்தோடு நின்றாள். தையல் வேலைக்குப் போகிற பெண். அவளும் இரண்டு நாளாக வெளியே தலைகாட்டவில்லை. மகள் சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்ப்பா, நாளைக்கு மேட்ச் இருக்கே, பயிற்சிக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"எந்த முகத்தோட போறது அக்கா?" என்றான். "நான் வேணும்னு விடலை. ஆனா டிவில பார்த்தா வேணும்னு விட்ட மாதிரிதான் இருக்கு. நானே நூறு வாட்டி பார்த்துட்டேன். ஏன் கையை எடுத்தேப்பான்னு பாப்பா கேக்குறா. என்ன சொல்றது? எனக்கே தெரியலை. உண்மையிலேயே நான்தான் ஏதோ பண்ணிட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

கேட்டீர்களா என் தாய்மார்களே? ஊர் சந்தேகப்பட்டது போதாதென்று, ஒரு மனிதனைத் தன்னையே சந்தேகப்பட வைத்துவிட்டீர்கள். இதைவிடப் பாவம் என்ன இருக்கிறது?

பேசிக்கொண்டே அவன் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தினான். மனசு அங்கே இல்லை. மேல் முனை நழுவியது. அடுத்த நொடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் குதித்தான். கண்ணாடி தரையில் விழுந்து சுக்குநூறாகியது. அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியே நின்றான், கை விரித்தபடி. அவன் மனைவி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா, இதேதான்" என்றாள். "டிவில இவரு பண்ணினது இதேதான்."

அந்தக் குழந்தை எழுந்து வந்து அப்பாவின் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவையோரே, எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்கிறவனுக்கு அளவெடுக்கக் கற்றுத் தருவதற்கு முன்னால், வெட்டக் கற்றுத் தருவதற்கு முன்னால், ஒன்று கற்றுத் தருவோம். நழுவினால் கையை எடு, காலை எடு, தள்ளி நில். வாயால் சொன்னால் போதுமா? போதாது. ஏனென்றால் விழுகிற பொருளைப் பிடிக்கத்தான் எவன் கையும் போகும். ஆகவே உடைசல் துண்டுகளை வேண்டுமென்றே அவன் பக்கத்தில் நழுவவிடுவோம். கை பிடிக்கப் போனால் மேஸ்திரி புறங்கையில் அளவுகோலால் ஒன்று போடுவார். கை தானாக விலகும்வரை விடமாட்டோம். அப்படிப் பழக்கி எடுத்த கை அது.

பழகாத கை என்ன ஆகும் என்று நெட்டையனின் மச்சானைக் கேளுங்கள். அதோ மூன்றாவது வரிசையில், வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம் தம்பி, உட்காருங்கள். முதலாளிக்கு நஷ்டம் வரக்கூடாதே என்று, நழுவிய கடை முகப்புக் கண்ணாடியைத் தாவிப் பிடித்தவர் அவர். நரம்பு போயிற்று. இன்றைக்கும் அவர் சட்டைக்குப் பொத்தான் போடுவது அவர் மனைவி. அந்தக் கண்ணாடியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டிருந்தது யார்? நெட்டையன். தன் தங்கையின் கணவன் கையிலிருந்து ரத்தம் கொட்டுவதைப் பார்த்தவன், நழுவுகிற எதையாவது இனிமேல் பிடிப்பானா?

என்ன தம்பி, பின்னாலிருந்து என்ன கேட்கிறாய்? முன்னாடியெல்லாம் எத்தனை கேட்ச் பிடித்தான் என்கிறாயா? பிடித்தான். அவையெல்லாம் கையில் நின்ற பந்துகள். நழுவிய பந்து இதுதான். நல்ல கேள்வி, இன்னும் கேள். கல்லுக்குப் பதிலாகக் கேள்வியை எறிந்திருந்தால் இந்தக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது.

இப்போது தலைவர் ஐயாவிடம் வருகிறேன். நெளியாதீர்கள் ஐயா, நாற்காலி உங்கள் கடையில் செய்ததுதான். அந்தப் போட்டிக்கு முந்தின நான்கு நாளும் அணி முழுவதும் மைதானத்தில் கேட்ச் பிடித்துப் பழகியபோது நெட்டையன் எங்கே இருந்தான்? உங்கள் புதுக் கடையின் வாசலில் இருந்தான். திறப்பு விழாவுக்குள் முகப்புக் கண்ணாடி நின்றாக வேண்டும் என்று பட்டறை முதலாளியைப் பிடித்து, அவனுடைய லீவை ரத்து செய்ய வைத்தது யார்? "நாட்டுக்கு ஆடுற பையனே வந்து மாட்டிக் கொடுத்தான்" என்று வந்தவர்களிடமெல்லாம் மார்தட்டியது யார்? நாலு நாளும் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி, நழுவினால் விடு, நழுவினால் விடு என்று பழகிய கையோடு அவன் மைதானத்துக்கு வந்தான். பிழைப்பு கற்றுக் கொடுத்ததை அவன் கை செய்தது. பழகவிடாமல் இழுத்துவைத்த நீங்கள் தீர்மானம் போடுவீர்கள், பழி சுமந்தவன் வீட்டில் பதுங்கியிருக்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

பதில் சொல்ல வேண்டாம் ஐயா. அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தால் போதும்.

நாளை இதே ஊரில் கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் இறுதிப் போட்டி. அணியின் மேலாளர் என்னிடம் சொல்லிவிட்டார்: "ஊர்க்காரங்களே வேணாம்னு சொன்னா, சொந்த மைதானத்துல அவனை நான் எப்படிம்மா இறக்குறது? கூட்டத்துல என்ன முடிவாகுதோ அதுபடி செய்றேன்." ஆக, முடிவு உங்கள் கையில் இருக்கிறது. இன்று நீங்கள் அவனை விலக்கினால், காசு வாங்கினான் என்பது ஊரே கையெழுத்திட்ட தீர்ப்பாகிவிடும். அந்தப் பெண் குழந்தை அதைச் சுமந்துகொண்டுதான் வளர வேண்டும்.

யாரது? "நாளைக்கும் நழுவினா கையை எடுப்பானே" என்கிறீர்களா?

எடுப்பான். எடுக்கட்டும். எடுத்தால் தோற்போம், தோற்றுவிட்டுப் போவோம். அவனுடைய கையைத் திருத்து என்று நான் சொல்லவே மாட்டேன். கோப்பைக்காக அவன் அந்தப் பழக்கத்தை மறந்தால், திங்கட்கிழமை பட்டறையில் கண்ணாடி நழுவும்போது கை முன்னால் போகும். அப்போது நீங்கள் வந்து பொத்தான் போட்டுவிடுவீர்களா? உங்களுக்கு அவன் ஒரு கேட்ச். எங்களுக்கு அவன் இரண்டு முழுக் கை. ஆடத் தெரிந்தவனை ஆட விடுங்கள். உழைக்கிறவனை முழுசாக வீட்டுக்குத் திரும்ப விடுங்கள்.

கொஞ்ச நேரத்தில் ஐயா எழுந்து, தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்பார். தூக்குகிறவர்கள் தூக்குங்கள். நான் அதை எண்ண இங்கே இருக்கப்போவதில்லை. இப்போதே இறங்கி அவன் வீட்டுக்கு நடக்கப்போகிறேன். "உன்மேல தப்பில்லை, நாளைக்கு வந்து ஆடு" என்று அவன் மகள் காதில் விழும்படி சொல்லப்போகிறேன். ஒருத்தி சொன்னால் அது ஆறுதல். தெருவே வந்து சொன்னால்தான் அந்தக் குழந்தை நம்பும்.

என்னோடு எழுந்து வருகிறவர்களுக்கு நன்றி. உட்கார்ந்தே இருக்கப்போகிறவர்களுக்கு வெறும் வணக்கம்.