அஞ்சு மணி மிஷின்

ஆமாம்மா, ரெண்டும் இழைக்கிற மிஷின்தான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. புதுசா வர்றவங்க எல்லாரும் அங்கதான் வழுக்கி விழுறது. இப்படி வாங்க, மரத்தூள்ல கால் வைக்காம ஓரமா வாங்க. இந்தா, நீளமா பெஞ்சு மாதிரி நிக்குதே, இதுதான் ஜாயின்டர். அந்த மூலையில பொட்டி மாதிரி குந்தியிருக்கிறது திக்னஸ் பிளேனர். விக்கிறதா விளம்பரம் போட்டது என் கொழுந்தனாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஆறு மணிக்கு வந்து நானே வண்டியில ஏத்தி விட்டுடறேன்னு சொன்னாரா? சொல்லுவாரு, சொல்லுவாரு.

எதை முதல்ல வாங்குறதுன்னா... எல்லாரும் பிளேனரைத்தான் முதல்ல வாங்குவாங்க. இந்தப் பக்கம் சொரசொரன்னு போற பலகை அந்தப் பக்கம் வழவழன்னு வருதா, அதுல ஆளு மயங்கிடுறது. ஆனா அதுக்குத் தெரிஞ்சது ஒரே வேலை. கீழ்ப்பக்கம் எப்படி இருக்கோ மேல்பக்கத்தையும் அப்படியே பண்ணும். முறுக்கின பலகை உள்ள போனா முறுக்கின பலகையாத்தான் வெளிய வரும், கனம் மட்டும் குறைஞ்சிருக்கும். அதனால முதல்ல ஜாயின்டர்ல ஒரு முகத்தை நேராக்கணும். அப்புறம் ஒரு ஓரம், மூலை சரியா இருக்கான்னு மூலமட்டம் வச்சுப் பாத்து. அதுக்கப்புறம்தான் பிளேனர். எங்க வீட்டுக்காரரு முதல் வருஷம் பிளேனரை மட்டும் வச்சுக்கிட்டு ஒரு கதவு செஞ்சாரு பாருங்க, மேல சாத்தினா கீழ தெறக்கும். பூனை அது பாட்டுக்குப் போயிட்டு வரும். செஞ்சவருக்கு மட்டும் அது நேராத் தெரிஞ்சுது.

என்ன, எழுதிக்கிறீங்களா? எழுதிக்கங்க. ஆனா இந்த ரெண்டும் உங்களுக்கு வேணாம்மா. நெசமாத்தான் சொல்றேன். மாடியில சின்ன ரூம்னு சொன்னீங்க. இதை நாலு பேரு தூக்கணும். உங்களுக்கு ஆறு இன்ச் ஜாயின்டர் போதும், இது எட்டு. தவிர இதோட மேஜை லேசா வளைஞ்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாது, வேலையில தெரியும். கத்தியும் பழைய மாதிரி நீளக் கத்தி, மூணு. கழட்டி மாத்தி மட்டம் பாக்குறதுக்குள்ள ஒரு பொழுது போயிடும். இப்பல்லாம் சின்னச் சின்ன சதுரக் கத்தியா வருதாம். மழுங்கினா திருப்பி வச்சுக்கலாம், சத்தமும் கம்மியாம். அப்படி ஒண்ணாப் பாத்து வாங்குங்க.

இவ்ளோ எப்படித் தெரியும்னா? பத்தொன்பது வருஷம் இந்த மிஷினுக்குப் பின்னாடி நின்னவம்மா நான். அவரு தள்ளுவாரு, நான் அந்தப் பக்கம் நின்னு பலகையை வாங்குவேன். பலகை முடியப்போற நேரத்துல லேசா தூக்கிப் பிடிக்கணும், இல்லன்னா கடைசி ரெண்டு விரக்கடை குழி விழுந்துடும். குழி விழுந்தா யாரு மேல கோவம்? தள்ளினவரு மேலயா? அதனால நீங்க ஒரு உருளை வச்ச ஸ்டாண்டு வாங்கிப் பின்னாடி நிறுத்திக்கங்க. வீட்ல யாரையும் நிறுத்தாதீங்க.

ம், அவரு உள்ளதான் இருக்காரு. அந்த ஜன்னல்ல பாருங்க, கட்டில் தெரியுதா? பத்து மாசமாச்சு. மூளைக் காய்ச்சல். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் போயிடுச்சு. ஆளு மட்டும் திரும்ப வந்துட்டாரு. வந்தாரே, அதுவே போதும்னுதான் அன்னைக்கு அழுதேன். இப்ப, குளிப்பாட்டணும், ஊட்டணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும். ஏதாவது வேணும்னா இடது கையில ஒரு கரண்டி, கட்டில் கம்பியில டொக்கு டொக்குன்னு தட்டுவாரு. நான் குளிக்கப் போனா தட்டுவாரு. ரெண்டு வாய் சோத்தை எடுத்து வைக்கிறதுக்குள்ள தட்டுவாரு. வாசப்படி தாண்டி நான் கடைசியா எப்போ போனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. செக்குமாடாவது வேற வேற எள்ளைப் பாக்கும்.

ஆஸ்பத்திரியிலேருந்து வந்த முதல் மாசம் சாயங்காலம் அஞ்சு மணியானா இடது கையால இந்த ஷெட்டைக் காட்டுவாரு. வேலைக்குப் போயிட்டு வந்து அவரு இழைக்க ஆரம்பிக்கிற நேரம் அது. சத்தம் கேக்கணும்னு ஆசைப்படுறாருன்னு நெனச்சு ஒருநாள் வந்து ஓட்டினேன். துண்டுப் பலகை ஒண்ணை எடுத்து, ஜாயின்டர்ல ரெண்டு தடவை, அப்புறம் பிளேனர். வரிசை மாறினா சத்தத்துலயே கண்டுபிடிச்சுக் கோவிப்பாருன்னு அதையும் பாத்துப் பாத்துச் செஞ்சேன். அன்னிலேருந்து தெனம் அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும். வீட்ல கெடந்த துண்டெல்லாம் தீர்ந்து இப்ப அந்த கோணக் கதவைத்தான் கழட்டி இழைச்சுக்கிட்டிருக்கேன். அட்டை மாதிரி மெலிசாயிடுச்சு. சொந்தக்காரங்க எல்லாம், அடேயப்பா, புருஷனுக்காக இப்படி ஒருத்தியான்னு சொல்லிச் சொல்லிப் போனாங்க.

அதையும் சொல்லிட்டாரா கொழுந்தனாரு? ஆமா. போன வாரம் டாக்டரு காதுல மிஷின் வச்சுப் பாத்துட்டுச் சொன்னாரு. ரெண்டு காதும் அந்தக் காய்ச்சல்லயே போயிடுச்சாம். பத்து மாசமா ஒண்ணும் கேக்கலையாம். கொழுந்தனாரு தலையில கை வச்சுக்கிட்டாரு. ஐயோ அண்ணி, வீணா இத்தனை நாள் கஷ்டப்பட்டீங்களே, இனிமே அந்தச் சனியன் எதுக்குன்னு அன்னைக்கே விளம்பரம் போட்டுட்டாரு. நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷங்ககிட்ட எதையும் எடுத்துச் சொல்ல முடியாது.

பாவமா? எனக்கா? இல்லம்மா, நீங்களும் அப்படிப் பாக்காதீங்க.

எனக்கு ரெண்டாம் மாசமே தெரியும். குக்கர் மூடி கைதவறி அவரு தலைமாட்டுல விழுந்துச்சு. நான் துள்ளிக் குதிச்சேன். அவரு கண்ணு இமைக்கல. மூடியை எடுத்து இன்னொரு தடவை போட்டேன். அப்படியே மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தாரு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அன்னைக்கும் அஞ்சு மணிக்கு வந்து ஓட்டினேன்.

இந்த மிஷின் ஓடுறப்ப கரண்டிச் சத்தம் கேக்காதும்மா. ஜன்னல்ல பாத்துக்குவேன், ஆளு பத்திரம். ஆனா தட்டுறது கேக்காது. போன் கேக்காது. அண்ணின்னு கூப்பிடறது கேக்காது. ஒரு மணி நேரம். அவ்ளோதான். முடிச்சுட்டுப் போனா என் தலையில ஒட்டின மரச்சீவலை இடது கையால ஒண்ணொண்ணா எடுத்து விடுவாரு. அவருக்குத் தெரியுமோ என்னமோ, நான் கேட்டதில்ல. கேட்டாலும் அவருக்கு எங்க கேக்கப்போகுது.

மேஜை வளையவே இல்லம்மா. பொய் சொன்னேன். அந்த மட்டப்பலகையை வச்சுப் பாருங்க, ஒரு தாளு நுழையாது. பொய்யின்னு தெரிஞ்சும், வளைஞ்சிருக்குன்னு கொழுந்தனார்கிட்ட சொல்லிட்டுப் போங்க. உங்களுக்கும் வீட்ல ரெண்டு பசங்கன்னு சொன்னீங்க. சத்தம் கம்மியானதுன்னு எழுதிக்கிட்டீங்கள்ல, அதை அடிச்சுடுங்க.

மணி அஞ்சாச்சு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஏதாவது சொல்றதுன்னா இப்பவே சொல்லிடுங்க. போட்டுட்டேன்னா யாரு கூப்பிட்டாலும் எனக்குக் கேக்காது.