கூரையில் கட்டிய மஞ்சள் துணி

அழுறதுன்னா அப்புறம் அழலாம். முதல்ல உக்காருங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேன்.

துணி இல்ல. விமானத்துலேருந்து நீங்க பாத்தப்ப அந்த லாரிக் கூரையில மஞ்சத் துணி இல்ல. உங்க கண்ணுல கோளாறு இல்ல. போதுமா?

போதாதா. சரி.

அது எதிரிகிட்டேருந்து புடிச்ச லாரி. ஓட்டிட்டு வந்த பயலையும் சேத்துப் புடிச்சாங்க. கதவுல இருந்த பழைய குறிய அழிச்சு, வெள்ளக் கோடு இழுத்தாச்சு. ஆகாசத்துலேருந்து பாக்கறவனுக்குக் கதவா தெரியும்? அதுக்குத்தான் கூரையில மஞ்சத் துணி. அத அவுத்தா, மறுபடி எதிரி வண்டிதான்.

புடிச்சப்புறம் அத ஓட்டினவன் இந்த வீட்டுப் பையன். வாயாடி. அந்த வண்டி கியர் அவனுக்குப் படியல. அதனால கைதியையே பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டான். கியர் கத்தும்போதெல்லாம், முதலாளி, உங்க வண்டி என்னை மதிக்கவே மாட்டேங்குதேன்னு கைதிகிட்ட முறையிடுவான். கையக் கட்டிப்போட்ட முதலாளி.

மலையேறும்போது மழை. கைதிக்குக் காய்ச்சல். பல்லு தந்தியடிக்குது. வண்டியில ஒரு சாக்குகூட இல்ல. நிறுத்தினான், கூரைமேல ஏறினான். அவுக்காதேன்னு கைதி சொன்னான். இந்த மழையில எவன்டா பறப்பான்னு சொல்லிட்டு அவுத்தான். பின்னால படுக்க வச்சுப் போத்திவிட்டான்.

அப்புறம் மழை விட்டுடுச்சு.

பேஞ்சுக்கிட்டே இருந்தா இன்னிக்கும் தூங்கிடுவேன். விட்டுடுச்சுன்னா முழிப்புதான்.

நீங்க வந்தீங்க. குண்டு விழுந்தது வண்டி முன்பக்கம். பின்னால போத்திக்கிட்டுக் கெடந்தவனுக்குச் சிராய்ப்பு.

எனக்கு எப்படித் தெரியுமா? என்னங்க கேள்வி இது. வண்டியில இருந்ததே ரெண்டு பேரு.

சண்டை ஓஞ்சு என்னை விட்டப்புறம், அவன் அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஊருக்குப் போயிடலாம்னு வந்தேன். போகல. உள்ள இருக்கறது அவன் தங்கச்சி. எம் பொண்டாட்டி. துணி விஷயம் மொதக்கொண்டு எல்லாம் தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டா.

என்னை மன்னிச்சாளான்னு தெரியாது. நான் கேட்டதில்ல. கூப்புடறேன், நீங்க கேளுங்க. அவ என்ன சொல்றான்னு நானும் தெரிஞ்சுக்கறேன்.