காலி அட்டை

டாக்டர் கர்ணன்: அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா. மொதல்ல போன தடவை குடுத்த மாத்திரையோட காலி அட்டைய எடுங்க.

இருதயம்மாள்: டாக்டர், அதுக்கு முந்தி ஒரு விசயம்...

கர்ணன்: அட்டை வந்தாத்தான் அடுத்தது. மார்பின் மாத்திரை என்ன சுக்குக் காப்பியா, கேட்டதும் ஊத்திக் குடுக்க?

இருதயம்மாள்: இந்தாங்க.

கர்ணன்: ம்... எல்லாம் காலி. மூணு தடவை அளவக் கூட்டிட்டேன். வீட்டுக்காரருக்கு வலி கொறஞ்சுச்சா?

இருதயம்மாள்: எங்க... முதுகெலும்பு வரைக்கும் புத்துநோய் எறங்கிருச்சே. ராயப்பன்பட்டித் தெருவுக்குக் கேக்கக் கூடாதுன்னு நேத்து ராத்திரி பூரா துண்டக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாக.

கர்ணன்: இந்த அளவுக்கு ஆனையே அசந்து தூங்கும்... ஒங்க மகன் இமானுவேல் இப்ப யாரோட சுத்துறான்?

இருதயம்மாள்: என் மகனையா சந்தேகப்படுறீக?

கர்ணன்: கோவிக்காதீங்க. தேனியில இருவது வருசமா வலி வைத்தியம் பாக்குறேன். நான் குடுத்த ஒரு மாத்திரை தப்பான கைக்குப் போனதில்ல. இனி கூட்ட மாட்டேன்மா.

இருதயம்மாள்: கூட்ட வேணாம். இதையும் எண்ணுங்க.

கர்ணன்: என்னது... பவுடர் டப்பா?

இருதயம்மாள்: தொறந்து பாருங்க.

கர்ணன்: ஏம்மா... இதெல்லாம் நான் குடுத்த மாத்திரையாச்சே!

இருதயம்மாள்: முன்னூத்தி எட்டு. தலகாணிப் பஞ்சுக்குள்ள இருந்துச்சு. காலைல ஒறை மாத்தயில கையில தட்டுச்சு.

கர்ணன்: அப்ப இந்த அட்டை?

இருதயம்மாள்: எனக்குத் தெரியக் கூடாதுன்னு மாத்திரைய உரிச்சு ஒளிச்சுட்டு, அட்டைய மட்டும் நீட்டியிருக்காக. முழுங்கிட்டாகன்னு நானும் பாவி நம்பி...

கர்ணன்: ஒண்ணுகூட முழுங்கலையா? அம்புட்டு வலியையும்... ஐயோ, ஏம்மா?

இருதயம்மாள்: குடிச்சுச் சீரழிஞ்ச மனுசன். பதினோரு வருசத்துக்கு முந்தி, இனி எதுக்கும் அடிமையாக மாட்டேன்னு மாதா கோயில்ல முட்டி போட்டுச் சத்தியம் பண்ணாக.

கர்ணன்: இது சாராயமா? மருந்தும்மா! இம்புட்டு வலிக்குப் போட்டா அடிமையாகுறதாவது... வாங்க, இப்பவே கார்ல போவோம். நானே அவருகிட்ட சொல்றேன்.

இருதயம்மாள்: இனி என்னத்தச் சொல்லி... விடியக்காலைல இருந்து தண்ணிகூட எறங்கல. கூப்பிட்டாக் கண்ணும் தொறக்கல.

கர்ணன்: ஊசி இருக்கு, எடுத்துட்டு வாரேன்... எந்தப் பாவிம்மா அவருகிட்ட இது பழகிரும்னு சொன்னது?

இருதயம்மாள்: மொத நாளு, மாத்திரைய எண்ணி அவுக கையில குடுக்கயில... "பாத்துப் போடுங்க, பழகிருச்சுன்னா விடாது"ன்னு... நீங்கதான் சொன்னீக, டாக்டர்.