ரிஜெக்டே இல்லாத செக்சன்

அய்ய, அந்த ஸ்டூல்ல குந்தாத சார். அது வேற ஸ்டூலு. இத்தோ, இதுல குந்து. தொடச்சித்தான் கீது. எங்க சூப்பர்வைசர் லூயிஸ் சார் மேனேஜர இட்டாரப் போயிக்கீறாரு, போட்டோக்காரனும் வரணுமாம், நேரமாவும். அதுவரிக்கும் உனுக்கு டீ குடுத்து பாத்துக்கச் சொல்லி என்ன வுட்டுட்டுப் போனாரு. மத்தவளுங்க அல்லாரும் சாப்பாட்டு ஷெட்டுல கீறாளுங்க.

ஏன் அதுல குந்தக்கூடாதான்றியா? கால்ல இன்னா கட்டிக்கீதுன்னு பாரு. செவப்புத் துணி. நீ ஆபீஸ்லேர்ந்து வர்றன்னு காலைலயே அத்த அவுக்கச் சொன்னாரு. நான்தான் மறந்துட்டாப்புல வுட்டுட்டேன். இந்த செக்சன்ல எவளாச்சும் ஒரு சுவிட்ச்ச கெடுத்துட்டான்னு வெய்யி. ஸ்பிரிங் எகிறிப் பூடுச்சி, அடில கீற பீங்கான் வெடிச்சிப் பூடுச்சி, இன்னா வேணா இருக்கட்டும். லூயிஸ் சார் தன் கையாலயே இந்தத் துணிய அவ ஸ்டூல்ல கட்டுவாரு. சாய்ந்தரம் சங்கு ஊதற வரிக்கும் அது ஆடிக்கினே இருக்கும். அவகூட யாரும் பேசக்கூடாது, சேந்து சோறு துன்னக்கூடாது. பேசினா பேசினவளுக்கும் துணி. ரோஷம் வந்தா கை தானா திருந்திடுமாம். உன்னாண்டயும் இத்தத்தான் சொன்னாரா? சொல்லுவாரு. அவரு கண்டுபுடிச்ச வித்த ஆச்சே.

நானா? என் பேரு சிலுவையம்மா. ராயபுரம். லூயிஸ் சாரும் எங்க கோயிலுதான். ஞாயித்துக்கெயம பூசைல அந்த மன்சன நீ பாக்கணும் சார். கெயவிங்களுக்கு எயுந்து எடம் குடுப்பாரு. கொயந்த அயுதா அவரே வெளிய தூக்கினு போயி காக்கா காட்டுவாரு. தங்கமான மன்சன். திங்கக்கெயம வந்தா அந்தத் தங்கத்த கேட்டுக்கு வெளியவே கயட்டி வெச்சிட்டு உள்ள வருவாரு. அவரச் சொல்லியும் பிரயோஜனம் இல்ல. மேனேஜர் ரூம்ல அவருக்கு இன்னி வரிக்கும் ஒரு நாற்காலி குடுத்தது கெடையாது. கைய கட்டிக்கினு நின்னு வாங்கிக்கினு வருவாரு. அங்க வாங்கினத இங்க வந்து எங்களுக்குப் பங்கு வெப்பாரு. எங்களுக்குக் கீய யாரும் இல்ல, அதனால எங்களோட நின்னுடுது.

டீ குடி சார், ஆறிப்போவுது.

வாசலாண்ட கரும்பலகைய பாத்துட்டுத்தான வந்த? எங்க செக்சனுக்கு நேரா கெட்டுப்போன சாமான் எத்தினின்னு எயுதிக்கீதே. சைபர். அதான் இந்தத் துணிய அவுக்கச் சொன்னாரு, துணி ஆடினா சைபர் ஏது. அது நேத்து எயுதின சைபர் இல்ல, எப்பவோ எயுதினது. அயிச்சாத்தான மறுபடி எயுதணும். ஆண்டவரு ஆதாமையும் ஏவாளையும் பண்ணப்பவே சரியா வரல, அவராலயே ஆவல. எங்க செக்சன்ல பண்றது மட்டும் அல்லாமே சரியா வந்துடுதாம். அதுக்கு ஆபீஸ்லேர்ந்து ஷீல்டு எடுத்துக்கினு காருல ஒரு சார் வந்துக்கீறாரு. நல்லா கீது கத.

கோவிச்சிக்காத. ஷீல்டு சோக்காத்தான் கீது. பளபளன்னு கீது.

அதே பலகைல கீய இன்னொரு செக்சனு கீதே, பாத்தியா? லூயிஸ் சார் மாதிரி ஜஹானாராம்மா பாத்துக்கற செக்சனு. அதுக்கு நேரா தெனம் ஒரு நம்பரு. ஒருநா கொறையும், ஒருநா ஏறும். பாக்கறதுக்கு கலீஜாத்தான் கீது, இல்லேன்னு சொல்லல. அந்தம்மா செக்சன்ல நடுவுல ஒரு மேஜ, மேல ஒரு தட்டு. எவ கெடுத்தாலும் எயுந்து போயி சுவிட்ச்ச அந்தத் தட்டுல வெச்சிட்டு வருவா. டீ வர்றப்ப அல்லாரும் சுத்தி நின்னுக்கினு அத்தப் பிரிச்சிப் போட்டுப் பாப்பாளுங்க. எவ கெடுத்தான்னு அந்தம்மா கேக்கறதே கெடையாது. எப்டிக் கெட்டுதுன்னுதான் கேக்கும். அங்க டீ நேரத்துல ஒரே சிரிப்பு சத்தமா கேக்கும். எங்காளு இங்கேர்ந்து மொறச்சிக்கினு நிப்பாரு, சிரிச்சா வேல ஓடாதாம்.

எனக்கு எப்டித் தெரியும்னா, வேம்பு சொல்லுவா. வியாசர்பாடிப் பொண்ணு. மொதல்ல எங்க செக்சன்லதான் இருந்தா, எம் பக்கத்து ஸ்டூலு. லூயிஸ் சார் பூட்ஸ் சத்தம் கேட்டாப் போதும், கை தந்தி அடிக்கும் அவளுக்கு. ஸ்பிரிங்கு எகிறி மூஞ்சில அடிக்கும், திருவாணி கீய வியும், அத்தத் தேடறதுக்குள்ள பீங்கான் வியும். நீ குந்தப் பாத்தியே, அது அவ ஸ்டூலு. துணிய கட்டிக் கட்டி அவுக்க முடியாம, வேம்பு ஸ்டூலுன்னே பேரு ஆயிப்போச்சி. கடைசில இது தேறாத கேசுன்னு ஜஹானாரா செக்சனுக்குத் தள்ளி வுட்டாரு. பீட விட்டுதுன்னு கையத் தட்டிக்கினாரு.

போயி கொஞ்ச நாளுதான் இருக்கும். ஸ்பிரிங்கு ஏன் எகிறுதுன்னு தட்டுல வெச்சி அல்லாரும் பாத்தப்ப, அத்த வளைக்கிற அச்சு ஒரு பக்கம் தேஞ்சிக்கீதுன்னு கண்டுக்கினாளுங்க. அச்ச மாத்தினாங்க. எகிறறது நின்னுச்சி. இப்ப அச்ச மாத்திப் பூட்டறதே வேம்புதான். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு அவதான் சொல்லித் தர்றா. அதே கை சார். இங்க ஒதறின அதே கை.

எங்க அச்சா? அது இன்னும் தேஞ்சிதான் கீது. எவ போயிச் சொல்லுவா. சொல்றவ ஸ்டூல்லதான துணி.

நான் இந்தக் கம்பெனி தொறந்தப்பவே சேந்தவ. இத்தினி வருசமா ஸ்பிரிங்கு மாட்டறேன், அவ்ளோதான் தெரியும். அடுத்த ஸ்டூல்ல திருவாணிய ஏன் அந்த அளவுக்கு முறுக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒருவாட்டி கேட்டேன். உன் வேலயப் பாருன்னாரு. பாத்துக்கினு கீறேன், இன்னி வரிக்கும். இப்ப எங்க குப்பத்துலகூட கரண்டு வந்துகினு கீது சார், எவன் வூட்லயோ நான் மாட்டின சுவிட்ச்ச போடறான். லைட்டு எரியுது. எப்டி எரியுதுன்னு எனக்குத் தெரியாது. வேம்புக்குத் தெரியும். வெக்கமாத்தான் கீது.

சரி, இத்த ஏன் உன்னாண்ட சொல்றேன்னு பாக்குற. நீ உள்ள வர்றப்ப லூயிஸ் சாராண்ட பேசிக்கினு வந்தியே, எனக்குக் காது கேக்கும். ஷீல்டு எங்களுக்கு. இனிமே இந்தத் துணி வித்த அல்லா செக்சனுக்கும் வரப்போவுது. ஜஹானாராம்மாவ எறக்கி பேக்கிங்குல போட்டுடணும், இன்னிக்கு சாய்ந்தரத்தோட. அதான? லூயிஸ் சார் முன்னயே சொல்லிட்டாரு போல, அந்தம்மா காலைலயே தன்னோட டீ டம்ளர அங்கேர்ந்து எடுத்து முந்தானைல சுத்தி வெச்சிக்கிச்சி. வேம்பு சோறு துன்னாம கக்கூசாண்ட நின்னு அயுதுகினு கீறா.

அப்ப உங்க செக்சன்ல கெட்டுப் போறதே இல்லியான்றியா? இப்பத்தான் ஒயுங்கா ஒரு கேள்வி கேட்ட. இத்த வந்தவொடனே கேட்டிருந்தா டீயாவது மிச்சம்.

கெடாம எங்க போவும். தேஞ்ச அச்சுல வளச்ச ஸ்பிரிங்கு எகிறத்தான் செய்யும். அங்க கெடறத வுட இங்க ஜாஸ்தி கெடுது. எங்க போவுதா? வெளிய போவ முடியாது சார். கேட்டாண்ட வாட்ச்சு பொம்பள கீதே காத்தூன் பீவி, சாப்பாட்டு டப்பாவத் தொறந்து பாக்கும், கொண்டையக்கூட அவுத்துப் பாக்கும். ஸ்டோர்ல செல்வநாதன் சார் பீங்கான் கொறையுது கொறையுதுன்னு மண்டைய பிச்சிக்கினு கீறாரு. எலின்னு ஒரு முடிவுக்கு வந்துக்கீறாரு. எந்த எலி சார் பீங்கான் துன்னும்?

லூயிஸ் சார் உன்னாண்ட ஒரு கொற சொன்னாரே, ஞாபகம் கீதா? அல்லாம் ஜோரா பண்ணுவாளுங்க, ஆனா அடிக்கடி கக்கூசுக்குப் போவாளுங்கன்னு. ஆமா, போவோம். வெறும் இடுப்போட போவ மாட்டோம்.

நேத்து மய பெஞ்சும் உன் ஷூவப் பாரு, சேறே ஒட்டல. முன் கேட்டுல லாரி நின்னுச்சின்னு உன்னப் பின்பக்கமா இட்டாந்தாரு இல்ல, அதான் கக்கூசுக்குப் போற வயி. முன்னல்லாம் மய பெஞ்சா முட்டி வரிக்கும் சேறு. பொடவயத் தூக்கிச் சொருவிக்கினு போவோம். பாத போட்டுத் தாங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் நொந்து போச்சி. இப்ப மேடா, கெட்டியா, சோக்கா கீது. பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸ் சாம்பல கொட்டி நான்தான் போட்டேன்னு சொல்லிக்கினு வந்தாரே, சாம்பல் வந்தது மெய்தான். ஒரே ஒரு மாட்டு வண்டி. சைக்கிள் ஷெட்டுக்கே பத்தல. அங்க சிந்தினத நாங்கதான் கூடைல அள்ளினு போயி மேலாப்புல தூவினோம். நடந்து வர்றப்ப காலுக்குக் கீய நொறுக்கு நொறுக்குன்னு கேக்கல உனுக்கு?

எனுக்குத் துணி கட்டுவாரேன்னா பாக்குற? கட்டட்டும். அந்தப் பாதைய போட்டவளுங்க ஒவ்வொருத்திக்கும் கட்டணும்னா வண்ணாரப்பேட்டைல கீற துணி பத்தாது.

அதோ வர்றாங்க பாரு. லூயிஸ் சார் மால கூட எடுத்தாந்துக்கீறாரு பாவம். நீ ஒண்ணும் சண்ட போட வாணாம். கக்கூசு எங்கன்னு கேட்டுக்கினு எயுந்து போ. பாதி வயில நின்னு உன் கைல கீற கொட முனையால ரெண்டே குத்து குத்து. வெள்ள வெள்ளயா வரும். அல்லாம் எங்க செக்சன் சரக்கு. அப்பால உனுக்கு மனசு இருந்தா ஷீல்ட யாருக்கு வேணா குடு.

பாத்துட்டு மறக்காம மூடிடு சார். மயக்காலம் வரப்போவுது, நாங்க அதுலதான் நடக்கணும்.