அமைச்சரைக் கேளாத பதக்கம்

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் எங்கள் தமிழ் மன்றத் தலைவர் ஞானசுந்தரம் அண்ணை அவர்களே! ஓராண்டு முடிதாங்கி, இன்று மாலையோடு மாஜியாகப் போகும் மாமன்னர் மகேந்திரராஜா மாமா அவர்களே! முன்வரிசையில் முறைக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் சிற்றுண்டிக்கு ரோல்ஸ் பங்கிடும் அன்னையரே! போன பொங்கலில் நாதஸ்வரத்துக்குப் பதில் சேவல் கூவியது யார் வேலை என்று இன்னும் தேடும் ஒலிபெருக்கி ஐங்கரன் அண்ணையே! தேடலை நிறுத்துங்கள், கம்சனாவின் வணக்கம்.

ஜேர்மனியில் மன்னராட்சி மறைந்து நூறாண்டு கடந்ததாம். பள்ளியில் படித்தேன். பாடம் பாதிப் பொய்! இந்த எசன் நகரில், எங்கள் பகுதிக் குறிசுடும் சங்கத்தில், கம்பத்தின் உச்சியில் மரப்பறவை வைப்பார்கள். அதை விழுத்துபவர் ஓராண்டுக்கு அரசர். போன கோடையில் சுட்டவர் பலர், விழுத்தியவர் யார்? பேருந்து ஓட்டும் எங்கள் மாமா!

அரசருக்கு ஓர் உரிமை உண்டு. தனக்குத் தனிப்பட்ட பணி செய்தவருக்குப் பதக்கம் சூட்டலாம். இங்கிலாந்திலும் அப்படியொரு விருது வரிசை உண்டு. அமைச்சரைக் கேளாமல், அரசர் தம் விருப்பப்படி கொடுப்பது. அரண்மனை ஊழியரும் அதில் பதக்கம் பெறலாம்.

மாமாவிடம் இருப்பது ஒரே பதக்கம். என்னிடமோ ஒரு பட்டியல்! தந்தவர் தலைவர். பெயர்கள் மூன்று. மூன்றும் மன்ற நிர்வாகசபை. முதற்பெயர்... வேண்டாம், அண்ணைக்கு வேர்க்கிறது.

என்ன அண்ணை? "அது சும்மா ஒரு யோசினை பிள்ளை"யா? ஓம் அண்ணை, யோசினைதான். கையெழுத்து உங்கடை!

அவையோரே, பணி என்பது எது? படத்தில் பக்கத்தில் நிற்பதா? பந்தியில் முந்தி இருப்பதா?

அரசரின் சங்கிலியைப் பாருங்கள். ஒவ்வோர் அரசரும் ஒரு வெள்ளித் தகடு சேர்த்துச் சேர்த்து, இன்று நாலு கிலோ! மாமாவுக்கோ கழுத்தெலும்பு தேய்வு. முதல் ஊர்வலம் முடிந்து காரில் ஏறினோம். மாமாவுக்குக் கை விறைத்துச் சாவியைத் திருப்ப முடியவில்லை. "நாளைக்கு முடியைத் திருப்பிக் குடுக்கப்போறன் பிள்ளை. வெளிநாட்டுக்காரனுக்கு ஏலாதெண்டு சொல்லட்டும்," என்றார். எதற்கும் சிரிக்கச் சிரிக்கப் பகிடி விடும் எனக்கு அன்று ஒரு பகிடியும் வரவில்லை.

மறுநாள், முடியைத் திருப்பிக் கொடுக்குமுன் ஊர்வலக் கோட்டின் அறுந்த பொத்தானைத் தைக்கச் சுலோஜனா அக்காவின் உடுப்புத் திருத்தும் கடைக்குப் போனோம். கழுத்தின் சிவந்த தடத்தைக் கண்டார் அக்கா.

"இதென்ன அண்ணை? மாட்டுக்கும் இப்பிடிக் கட்டமாட்டினம்! கழட்டுங்கோ கோட்டை!"

நான்கு நாள் கழித்துக் கோட்டு திரும்பியது. உள்ளே தோளைத் தழுவி இடுப்பில் இறங்கும் பட்டி. சங்கிலியைத் தாங்க, வெளியே தெரியாத கொக்கிகள். பாரம் கழுத்தை விட்டு இடுப்புக்கு இறங்கிற்று. அரசர் அரியணையில் நிலைத்தார்! அதன் பிறகு பதினொரு ஊர்வலம். ஒவ்வொன்றுக்கும் முன் அக்கா வந்து பட்டியை இறுக்கினார்; ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஊர்வலப் படங்களை எண்ணினேன்: ஞானசுந்தரம் அண்ணை நாற்பத்திரண்டில், சுலோஜனா அக்கா ஒன்றிலும் இல்லை.

இதைச் சொல்லலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "சொல்லு பிள்ளை. இனி என்ன வெக்கம்?" என்றார். பதக்கம் யாருக்கு என்பதையும் அவரே சொன்னார்.

சுலோஜனா அக்கா, மேடைக்கு வாங்கோ! என்ன அக்கா, கேட்கவில்லை... "தச்சதுக்கெல்லாம் பதக்கமோ, விசரி"யா? அக்கா, ஊரே சங்கிலியைப் பார்த்துக் கைதட்டியது; நீங்கள் கழுத்தைப் பார்த்தீர்கள். அதற்குத்தான்!

வரமாட்டாராம். பிடிவாதம்! ஆனால் பாருங்கள் பெரியோர்களே, அரசர் எழும்பிவிட்டார். பதக்கப் பெட்டியோடு படியிறங்கிப் பின்வரிசைக்கே போகிறார். அட, தலைவரும் எழும்பிவிட்டார்! கதிரைகளை இழுத்து இழுத்து வழி விடுகிறார்! அண்ணை, இதுவும் பணிதான். இதைப் படம் எடுக்கச் சொல்லட்டுமோ?

இனி என் குரல் இடைஞ்சல். பொறுத்துக் கேட்ட அன்னையருக்கும், பொறுக்காமல் கேட்ட அவைக்கும் நன்றி. எழுந்து நின்று கைதட்டுங்கள். வணக்கம்!