அடுப்பில் வைத்துச் சூடாக்க

பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிக்க வேண்டுமென்றால், ஐயா, முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கைபட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அடித்து முடித்த பிறகுதான் அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் வட்டம் வட்டமாய் விலகிக்கொள்ளும். அவசரத்தில் பலரும் கழுவாமல் விட்டுவிடுவார்கள். நான் விட்டதில்லை.

எங்கள் பட்டறையில் கப்பல், விமானம், ரயில் என்று மாதிரிகள் செய்கிறோம். பெரிய அலுவலகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்களே, அவைதான். நான் பெயிண்ட் அடிக்கிறவன். பெயிண்ட் வழிந்துவிட்டால் பதறித் துடைக்கக் கூடாது. காயவிட்டு, தண்ணீர்க் காகிதத்தால், அதுதான் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளால், தேய்த்து, மறுபடி மெல்லிசாக அடிக்க வேண்டும். ரொம்பத் தள்ளி நின்று அடித்தால் மணல் தூவியதுபோல் சொரசொரக்கும். மழைக்காற்றில் அடித்தால் வெள்ளையாய்ப் பூத்துப்போகும். எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது. பொறுமைதான் வேண்டும்.

மைத்துனனை நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். என் மனைவியின் தம்பி. சாப்பாடு, தூக்கம் எல்லாம் எங்கள் வீட்டில்தான். அவன் கை நல்ல கை, அதை மறுக்க மாட்டேன். என் கை நடுங்க ஆரம்பித்ததும் முதலாளி சொன்னார்: "கடைசிக் கோட்டு பெயிண்ட்ட இனிமே அவன் அடிக்கட்டும். நீங்க தேய்ச்சு மட்டும் குடுங்க பெரியவரே." தேய்த்துக் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

நான் எழுத்துக் கற்றுக்கொண்டது தலை நரைத்த பிறகு, மாலை வகுப்பில். அவனுக்கு எழுத்துத் தெரியாது. அதில் அவனுக்குக் கூச்சமும் கிடையாது.

"என்ன மாமா, இன்னிக்கு எழுத்துக்குக் கொம்பு மொளைச்சுதா, காலு மொளைச்சுதா?"

"கொம்பு உனக்குத்தான் மாப்ள மொளைச்சிருக்கு" என்பேன்.

வீட்டில் நான் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தால், அதேபோல் திக்கித் திக்கிப் படித்துக் காட்டுவான். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள். முடியாமல் சிரித்துவிடுவாள். அவள் நல்லவள். நானும் கூடவே சிரிப்பேன்.

அந்த வெள்ளைக் கப்பல் வேலைக்கு வந்தபோது நல்ல மழை. பெயிண்ட் பீய்ச்சக் காற்று தருகிற கம்ப்ரெசரும் பழுது. முதலாளி எங்களுக்குப் பழக்கமில்லாத, தலையை அமுக்கி அடிக்கிற டப்பாக்களை வாங்கி வைத்துவிட்டுப் போனார். குளிரில் பெயிண்ட் துப்பல் துப்பலாய் விழுந்தது.

"என்ன மாமா இது, கப்பலுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு. டப்பாவுல என்னமோ எழுதியிருக்கே. படிச்சவரு படிச்சுச் சொல்லுங்க."

விரலை வைத்துப் படித்தேன். "அடு... ப்பில்... வைத்... துச்... சூ... டா... க்க..."

"போதும் மாமா. நீங்க முடிக்கிறதுக்குள்ள கப்பல் கரை சேந்துடும். அடுப்புல வெச்சுச் சூடாக்கணும், அதானே?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். டப்பாவை மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான். அவன் டீ போடுகிற மின்சார அடுப்பை இழுத்து வைத்து அதன்மேல் ஏற்றினான். சூடு ஏறிவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் காகிதம் நனைக்க வெளியே போனேன்.

சத்தம் கேட்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். வண்டியில் ஏற்றியது நான். அக்கா பார்க்க வேண்டாமென்று அவன் முகத்தைத் துணியால் மூடியதும் நான்தான். வழியிலேயே போய்விட்டான். "எழுத்துத் தெரிஞ்சிருந்தா என் தம்பி பொழைச்சிருப்பானே" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் சொன்னது சரிதான்.

புதிதாகப் படிக்கிறவர், தடுமாறியிருப்பீர்கள் என்றீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அந்த வரியை நான் காலையிலேயே, யாரும் வருமுன் படித்துவிட்டேன். என் வாழ்க்கையில் திக்காமல் படித்த முதல் வரி அது. யாருக்காவது படித்துக் காட்ட வேண்டும்போல் ஆசையாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தாலே போதும் என்று அடுத்த வரியில் இருந்ததையும் படித்தேன். பிறகு அவன் எதிரில் திக்கினேனே, அது அவன் என்னைப்போல் படித்துக் காட்டுவானே, அந்தத் திக்கல்.

நான் நிறுத்திய இடத்தில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம். கூடாது. அதையும் நான் விழுங்கிவிடவில்லை. வெளியே போய் நின்று, வாய்விட்டே சொன்னேன். அவனுக்குக் கேட்டிருக்காது, கதவு சாத்தியிருந்தது. கதவைச் சாத்தியதை மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. ஈரப் பெயிண்டின்மேல் தூசு படியக் கூடாது.