காயாத சுவரும் கொழும்பு அக்ரிமென்டும்

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ். மலையில் வாரக்கணக்காக மழை; கண்ணாடியெல்லாம் பனி. முன் சீட்டில் இருந்த கடை முதலாளி, பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெயின்டரைப் பார்த்ததும் பஸ் முழுக்கக் கேட்கும்படி எகிறினார்.

“தெனமும் வந்து எங்க வீட்டுச் சுவரத் தடவிட்டுப் போறதுக்கா ஒங்களக் கூப்பிட்டேன்?”

“சுவர் நல்லா காஞ்ச பொறகுதான் பெயின்ட் அடிக்கணும்னு அக்ரிமென்ட்ல இருக்குங்களே, மொதலாளி.”

“அது கொழும்பு வெயில்ல மச்சான் அவரு வீட்டுக்கு எழுதினது. அப்படியே பாத்து எழுதிட்டேன்.”

“கையெழுத்துப் போட்டாத்தான் வேலைன்னு நின்னதும் நீங்கதாங்க.”

“மக கல்யாணம் வருதுய்யா! சரி, இப்ப எங்க கெளம்பிட்டீங்க?”

“நோர்வூட்ல ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க.”

“அங்க மட்டும் சுவர் காஞ்சிருச்சாக்கும்?”

“ஈரந்தாங்க. ஆனா அங்க அக்ரிமென்ட் இல்ல.”